நிலத்தால் வளர்ந்த பல்கலைக்கழகம்: வான்கூவர் யு.பி.சி. பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகம் என்று முழுப் பெயரை யாரும் சொல்வதில்லை. வான்கூவரில் எல்லோருக்கும் அது யு.பி.சி.தான். பிள்ளையை அங்கே படிக்க அனுப்பலாமா என்று யோசிப்பவர்கள், டொரன்டோவிலிருந்து கோடை விடுமுறைக்கு வந்து வளாகத்தைச் சுற்றிப் பார்த்தவர்கள், அடுக்குமாடிக் கட்டடங்களைப் பார்த்து "இது காலேஜா, ஊரா?" என்று கேட்பவர்கள் எல்லோருடைய கேள்விகளும் ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கின்றன. அவற்றில் முக்கியமானவை இங்கே.

விண்ணப்பம் போடுவது எப்படி என்பது இதில் இல்லை. அது ஆண்டுக்கு ஆண்டு மாறும், பல்கலைக்கழகத்தின் இணையதளத்திலேயே பார்த்துக்கொள்ளலாம். 379 பேரோடு தொடங்கிய ஒரு கல்லூரி எப்படி ஒரு சிறு நகரமாக ஆனது என்பதுதான் இங்கே விஷயம். என்னைக் கேட்டால், பாடத்திட்டத்தையும் பேராசிரியர்களையும்விட அந்த வரலாற்றில் நிலத்துக்குத்தான் பங்கு அதிகம்.

யு.பி.சி. துறைமுகத்தை ஒட்டியா இருக்கிறது?

இல்லை. துறைமுகம் பர்ரார்ட் கடற்கழியில், நகர மையத்தை ஒட்டி இருக்கிறது. கனடாவிலேயே பெரிய துறைமுகம் அது. பல்கலைக்கழகம் அங்கிருந்து மேற்கே சுமார் 10 கிலோமீட்டர் தள்ளி, பாயின்ட் கிரே என்ற நிலமுனையில் இருக்கிறது. வடக்கிலும் மேற்கிலும் கடல், தெற்கில் ஃபிரேசர் ஆறு கடலில் கலக்கும் இடம், கிழக்கே காடு. அந்தக் காட்டைத் தாண்டினால்தான் நகரம் தொடங்கும்.

ஆனாலும் துறைமுகம் கண்ணிலிருந்து மறைவதில்லை. உள்ளே போக முறைக்காகக் காத்திருக்கும் சரக்குக் கப்பல்கள் இங்கிலிஷ் பே என்ற விரிகுடாவில் நங்கூரமிட்டு நிற்கும். வளாகத்தின் வடக்கு ஓரத்திலிருந்து பார்த்தால் கப்பல்கள், அவற்றுக்குப் பின்னால் பனி மூடிய மலைகள். விளம்பரப் படங்களில் வருவது இந்தக் காட்சிதான். நவம்பரிலிருந்து பிப்ரவரி வரை பெரும்பாலான நாட்கள் மழையும் மூடுமேகமுமாக இருக்கும் என்பது அந்தப் படங்களில் வராது.

1908 என்கிறார்கள், 1915 என்கிறார்கள். எதுதான் தொடங்கிய ஆண்டு?

சட்டம் 1908, வகுப்பு 1915. இரண்டுமே சரி.

அதற்கு முன்னால் 1890-இலேயே ஒரு சட்டம் போட்டுப் பார்த்தார்கள். மாகாணத் தலைநகரமான விக்டோரியா ஒரு தீவில் இருக்கிறது, வான்கூவர் நிலப்பகுதியில் இருக்கிறது. பல்கலைக்கழகம் எந்தப் பக்கம் வருவது என்ற இழுபறியில் கூட்டத்துக்குத் தேவையான ஆட்களே சேரவில்லை. அந்த முயற்சி அப்படியே போயிற்று. அதன் பிறகு நாட்டின் மறுகோடியிலிருந்த மான்ட்ரியால் மக்கில் பல்கலைக்கழகம்தான் கைகொடுத்தது. 1906-இலிருந்து 1915 வரை வான்கூவரில் உயர்கல்வி என்றால் மக்கிலின் கிளைக் கல்லூரிதான்.

1908-இல் புதுச் சட்டம் வந்தது. இடத்தை உள்ளூர்க்காரர்கள் தேர்ந்தெடுத்தால் மறுபடி சண்டை வரும் என்று, வெளி மாகாணங்களிலிருந்து கல்வியாளர்களை வரவழைத்துக் குழு அமைத்தார்கள். 1910-இல் அந்தக் குழு வான்கூவர் பக்கம் சாய்ந்தது. பாயின்ட் கிரே முடிவானது.

1910-இல் இடம் முடிவாகிவிட்டதென்றால் அங்கே குடிபோக 1925 வரை ஏன் ஆயிற்று?

பணமும் போரும். 1912-இல் கட்டட வரைபடத்துக்குப் போட்டி நடத்தி, ஷார்ப் அண்டு தாம்சன் என்ற உள்ளூர் நிறுவனத்தைத் தேர்ந்தெடுத்தார்கள். 1913-இல் முதல் தலைவராக ஃபிராங்க் வெஸ்புரூக் வந்தார். இங்கே தலைவர் என்பவர் நம்மூர்த் துணைவேந்தர் பார்க்கும் வேலையைப் பார்ப்பவர். மருத்துவ ஆராய்ச்சியாளரான அவருக்கு, பசிபிக் கரையில் ஒரு கேம்பிரிட்ஜ் என்று பெரிய கனவு இருந்தது.

1914-இல் அறிவியல் கட்டடத்தின் எலும்புக்கூடு எழுந்தது. அதே ஆண்டு கோடையில்தான் கோமகட்டா மாரு கப்பல் 376 பயணிகளோடு வான்கூவர் துறைமுகத்தில் இரண்டு மாதம் நிறுத்திவைக்கப்பட்டு, பெரும்பாலோர் இறங்கவே விடப்படாமல் திருப்பி அனுப்பப்பட்டது. அவர்களில் மிகப் பெரும்பாலோர் பஞ்சாபிகள். பல்கலைக்கழக வரலாறு எழுதுபவர்கள் இந்த இரண்டையும் ஒரே பக்கத்தில் வைப்பதில்லை. ஆனால் அந்த ஊர் அன்று யாருக்காகக் கல்விக்கூடம் கட்ட நினைத்தது என்று புரிந்துகொள்ள இரண்டும் தேவை.

ஆகஸ்டில் முதல் உலகப் போர் வந்தது. பாயின்ட் கிரே வேலை நின்றது. உத்தரங்களும் தூண்களும் மட்டும் காட்டுக்கு நடுவே நின்றன. 1915 செப்டம்பர் 30 அன்று வகுப்புகள் தொடங்கியது அங்கே அல்ல, நகரத்துக்குள் ஃபேர்வியூ என்ற பகுதியில், பொது மருத்துவமனையை ஒட்டிய இடத்தில். அந்த மருத்துவமனைக்குச் சேர்ந்த ஒரு கட்டடமும் மரக் கொட்டகைகளும்தான் பல்கலைக்கழகம். ஆட்கள் கூடக்கூடக் கூடாரத்திலும் தேவாலயத்தின் அடித்தளத்திலும்கூடப் பாடம் நடந்தது. தற்காலிகம் என்று சொல்லித்தான் போனார்கள். பத்து வருடம் இருந்தார்கள். வெஸ்புரூக் 1918 அக்டோபரில், போர் முடிய மூன்று வாரம் இருக்கும்போது, இறந்துபோனார். பாயின்ட் கிரேயில் ஒரு வகுப்புகூட அவர் பார்க்கவில்லை.

மாணவர்கள் ஊர்வலம் போய்த்தான் வளாகம் கிடைத்தது என்கிறார்களே, உண்மையா? கட்டுக்கதையா?

உண்மை. கொஞ்சம் மெருகேற்றிச் சொல்கிறார்கள், அவ்வளவுதான்.

1922-இல் மாணவர்கள் 1,200 பேரை நெருங்கிவிட்டார்கள். கொட்டகைகளோ சில நூறு பேருக்கானவை. போர் முடிந்து நாலு வருடம் ஆகியும் அரசு பாயின்ட் கிரே பக்கம் திரும்பவில்லை. அந்தக் கோடையில் மாணவர்களே ஒரு பிரசாரம் தொடங்கினார்கள். விடுமுறைக்கு ஊருக்குப் போனவர்கள் ஒவ்வொருவரும் கையெழுத்துத் தாளை எடுத்துக்கொண்டு போனார்கள். வீடு வீடாகப் போய், சந்தையில் நின்று, கடைகளில் வைத்துக் கையெழுத்து வாங்கினார்கள். சேர்ந்தது சுமார் 56,000. மாகாணத்தின் மொத்த மக்கள்தொகையே அப்போது ஐந்தேகால் லட்சம் என்பதை வைத்துப் பார்த்தால், பத்துப் பேருக்கு ஒருவர் கையெழுத்துப் போட்டிருக்கிறார்.

அக்டோபர் 28 அன்று நகர மையத்தில் ஊர்வலம் நடந்தது. அலங்கார வண்டிகளில் கொட்டகை வாழ்க்கையைக் கேலி செய்து காட்சிகள் வைத்திருந்தார்கள். பிறகு டிராம் ஏறி, பாதை முடிகிற இடத்தில் இறங்கி, மீதித் தூரத்தை நடந்தே பாயின்ட் கிரே போனார்கள். எட்டு வருடமாக நின்ற அந்த அறிவியல் கட்டடத்தின் எலும்புக்கூட்டில் மாடி மாடியாக ஏறி நின்றார்கள். ஆளுக்கொரு கல்லை எடுத்துப் போட்டு ஒரு கற்குவியல் எழுப்பினார்கள். கையெழுத்துகளை விக்டோரியாவுக்குக் கொண்டுபோய்ச் சட்டமன்றத்தில் கொடுத்தார்கள். முதல்வர் ஜான் ஆலிவர் அரசு 15 லட்சம் டாலர் ஒதுக்குவதாக அறிவித்தது. 1925 செப்டம்பரில் பாயின்ட் கிரேயில் வகுப்புகள் தொடங்கின. அன்று ஏறி நின்ற கட்டடத்தில் இன்றும் வேதியியல் துறை இயங்குகிறது.

மெருகு எங்கே என்றால், இதை மாணவர்கள் அரசை எதிர்த்த போராட்டம்போலச் சொல்வதில். அப்படி இல்லை. பல்கலைக்கழகமே கட்டடம் கேட்டுக்கொண்டுதான் இருந்தது, வணிகர்களும் பத்திரிகைகளும் ஆதரித்தார்கள், அரசும் மறுக்கவில்லை, தள்ளிப்போட்டுக்கொண்டிருந்தது. மாணவர்கள் செய்தது, தள்ளிப்போட முடியாதபடி ஆக்கியது. அதுவே பெரிய காரியம்தான்.

பல்கலைக்கழகத்துக்கு எவ்வளவு நிலம் கொடுத்தார்கள்?

இங்கேதான் கதை சுவாரசியமாகிறது. வட அமெரிக்காவின் மேற்கில் பல்கலைக்கழகங்களுக்குப் பணத்துக்குப் பதில் நிலம் கொடுப்பது வழக்கம். விற்றோ குத்தகைக்கு விட்டோ பிழைத்துக்கொள் என்று அர்த்தம். நம்மூரில் கோயிலுக்குக் காணி எழுதி வைத்ததுபோல என்று வைத்துக்கொள்ளலாம்.

1907-இல் மாகாண அரசு உள்நாட்டுப் பகுதியில் 20 லட்சம் ஏக்கர் வரை ஒதுக்கச் சட்டம் போட்டது. கேட்பதற்குப் பிரமாதமாக இருக்கிறது. ஆனால் அந்தத் தொலைதூர நிலத்தை வாங்க ஆளில்லை. ஆகவே 1920-களின் தொடக்கத்தில் அதற்குப் பதிலாகப் பாயின்ட் கிரேயிலேயே சுமார் 3,000 ஏக்கர் என்று மாற்றினார்கள். வளாகத்தைச் சுற்றிப் பெரிய வீடுகள் கட்ட மனை போட்டு விற்று, வரும் பணத்தில் பல்கலைக்கழகம் நடக்கும் என்பது திட்டம்.

சில தெருக்கள் வந்தன. அதற்குள் 1929 பொருளாதார வீழ்ச்சி. மனை வாங்க யாருமில்லை. 1932-இல் மாகாண அரசு பல்கலைக்கழக மானியத்தையே பாதிக்கும் கீழே குறைத்துவிட்டது. நிலம் காடாகவே கிடந்தது. அதன் பெரும்பகுதி, 750 ஹெக்டேருக்கும் மேல், 1989-இல் பசிபிக் ஸ்பிரிட் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. வளாகத்துக்கும் நகரத்துக்கும் நடுவில் இன்று நிற்கும் அந்தக் காடு, விற்காமல் போன மனைகள். முழுக்கக் கன்னிக்காடு என்று நினைத்துவிட வேண்டாம். 19-ஆம் நூற்றாண்டின் கடைசியிலும் அடுத்ததன் தொடக்கத்திலும் அங்கே பெருமரங்களை வெட்டி எடுத்தார்கள். இப்போதிருப்பதில் பெரும்பாலானவை அதற்குப் பின் வளர்ந்தவை.

அரசு கொடுத்தது சரி. அரசுக்கு அந்த நிலம் எப்படி வந்தது?

விலை கொடுத்து வாங்கவில்லை. ஒப்பந்தமும் இல்லை.

பாயின்ட் கிரே முழுவதும் மஸ்குவியம் மக்களின் நிலம். ஃபிரேசர் ஆற்றின் முகத்துவாரத்தில் பல ஆயிரம் ஆண்டுகளாக வாழ்பவர்கள். கனடாவின் சமவெளி மாகாணங்களில் அரசு பழங்குடிகளோடு ஒப்பந்தம் போட்டு நிலத்தை எடுத்தது. அந்த ஒப்பந்தங்கள் நியாயமானவையா என்பது வேறு பேச்சு. பிரிட்டிஷ் கொலம்பியாவின் பெரும்பகுதியில் அந்தச் சடங்குகூட நடக்கவில்லை. மஸ்குவியம் மக்களுக்கு வளாகத்துக்குத் தெற்கே ஆற்றோரத்தில் ஒரு சிறு ஒதுக்கிடம் மிஞ்சியது. இன்றும் அங்கேதான் இருக்கிறார்கள். பல்கலைக்கழக நிகழ்ச்சிகளில் எல்லாம் தொடக்கத்தில் "விட்டுக்கொடுக்கப்படாத மஸ்குவியம் நிலத்தில் இருக்கிறோம்" என்று சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். வெறும் மரியாதை வார்த்தை என்று நினைக்க வேண்டாம். சட்டப்படியே அதுதான் நிலை.

அவர்கள் ஏன் அப்போதே வழக்குப் போடவில்லை என்று கேட்பவர்கள் உண்டு. 1927-இலிருந்து 1951 வரை, நில உரிமை கேட்டு வழக்கு நடத்தப் பழங்குடிகள் பணம் திரட்டுவதையும் அதற்காக வக்கீல் வைப்பதையும் கனடியச் சட்டமே தடுத்திருந்தது. தடை போன பிறகு அவர்கள் நீதிமன்றத்தில் செய்தது சாதாரணமல்ல. அவர்களுடைய ஒதுக்கிட நிலத்தில் 162 ஏக்கரை 1958-இல் மத்திய அரசு, அவர்களுக்குச் சொன்ன நிபந்தனைகளை மாற்றி, ஒரு கோல்ஃப் மன்றத்துக்கு மலிவாகக் குத்தகைக்கு விட்டது. அதை எதிர்த்த வழக்கில் 1984-இல் கனடிய உச்ச நீதிமன்றம் மஸ்குவியம் பக்கம் தீர்ப்பளித்தது. பழங்குடிகளின் நிலத்தைக் கையாளும்போது அரசு அறங்காவலர்போல நடக்கக் கடமைப்பட்டது என்ற அந்தத் தீர்ப்பு கனடா முழுவதற்கும் முன்னுதாரணம். 1990-இல் மீன்பிடி உரிமை பற்றிய இன்னொரு முக்கியமான வழக்கும் அவர்களுடையதே.

2008-இல் மாகாண அரசோடு ஏற்பட்ட உடன்பாட்டில், வளாகத்துக்குக் கிழக்கே உள்ள பல்கலைக்கழகக் கோல்ஃப் மைதான நிலமும், அருகிலிருந்த ஒரு காட்டுத் துண்டும் மஸ்குவியம் கைக்கு வந்தன. கோல்ஃப் மைதானத்தை 2083 வரை மைதானமாகவே வைத்திருக்க வேண்டும் என்று நிபந்தனை. காட்டுத் துண்டில் அவர்கள் குடியிருப்பு கட்டுகிறார்கள்.

பல்கலைக்கழகத்தின் பங்கு மெதுவாகத்தான் வந்தது. 2017-இல் ஹைடா என்ற பழங்குடியைச் சேர்ந்த சிற்பி ஜேம்ஸ் ஹார்ட் செதுக்கிய நல்லிணக்கக் கம்பம் வளாகத்தில் நிறுத்தப்பட்டது. பழங்குடிக் குழந்தைகளை வீட்டிலிருந்து பிரித்து அடைத்த உறைவிடப் பள்ளிகளின் வரலாற்றுக்கென 2018-இல் ஒரு மையம் திறந்தார்கள். அந்த விழாவில் அன்றைய தலைவர் சான்டா ஓனோ பல்கலைக்கழகத்தின் சார்பில் மன்னிப்புக் கேட்டார். அதே ஆண்டு தெருப் பலகைகளில் மஸ்குவியம் மக்களின் மொழி ஏறியது. பலகை நல்லதுதான். நிலத்தின் வருமானத்தில் அவர்களுக்கு என்ன பங்கு என்ற கேள்விக்குப் பலகை பதிலாகாது.

போருக்குப் பின் திடீரென்று பெரிதானது எப்படி?

இரண்டாம் உலகப் போரிலிருந்து திரும்பிய வீரர்களுக்குக் கல்விச் செலவை மத்திய அரசு ஏற்றது. 1944-45-இல் சுமார் 3,000 பேர் இருந்த இடத்தில் மூன்றே ஆண்டுகளில் 9,000-க்கு மேல் ஆகிவிட்டது. எந்தக் கட்டடமும் போதவில்லை.

அப்போது ஒரு வழி கண்டுபிடித்தார்கள். போர் முடிந்ததால் ராணுவ முகாம்கள் காலியாகக் கிடந்தன. அந்த மரக் கொட்டகைகளைப் பெயர்த்து லாரியில் ஏற்றி வளாகத்துக்குக் கொண்டுவந்தார்கள். வகுப்பறை, சோதனைக்கூடம், விடுதி, உணவகம் எல்லாம் கொட்டகைதான். குடும்பத்தோடு வந்த வீரர்கள் பழைய முகாம்களிலேயே குடித்தனம் நடத்தினார்கள். ஃபேர்வியூ கொட்டகையிலிருந்து தப்பிக்க ஊர்வலம் போன பல்கலைக்கழகம் இருபது வருடத்தில் மறுபடியும் கொட்டகைக்கே வந்து சேர்ந்தது. இந்த முறை யாரும் குறை சொல்லவில்லை.

இதை முன்னின்று செய்தவர்களில் இயற்பியல் பேராசிரியர் கார்டன் ஷ்ரம் முக்கியமானவர். அனுமதிக்காகக் காத்திருக்கிற ஆள் இல்லை. அதே ஷ்ரம்தான் மாகாண ஆராய்ச்சிக் கழகத்தின் பொறுப்பிலிருந்தபோது, இங்கிலாந்தில் நிரந்தர வேலை இல்லாமல் இருந்த ஓர் இளம் இந்திய வேதியியலாளரை 1952-இல் வான்கூவருக்குக் கொண்டுவந்தார். அவர் ஹர் கோவிந்த் கொரானா. வளாகத்தில் இருந்த அந்தக் கழகத்தில் 1960 வரை இருந்தார். பெரிய வசதிகள் கிடையாது, ஆனால் விரும்பிய ஆராய்ச்சியைச் செய்யும் சுதந்திரம் இருந்தது. 1968-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தபோது அவர் அமெரிக்காவில் இருந்தார். 1956-இல் கொரானாவிடம் வேலைக்கு வந்த மைக்கேல் ஸ்மித் 1960-இல் அவரோடு அமெரிக்கா போனாலும் மறுவருடமே வான்கூவருக்குத் திரும்பி, யு.பி.சி. பேராசிரியராகி, 1993-இல் வேதியியல் நோபல் வாங்கினார். பரிசுப் பணத்தைத் தானே வைத்துக்கொள்ளவில்லை. மனச்சிதைவு நோய் ஆராய்ச்சிக்கும், அறிவியலைப் பொதுமக்களிடம் கொண்டுசெல்லும் அமைப்புகளுக்கும் கொடுத்துவிட்டார்.

போர்க்காலத்தில் ஜப்பானிய மாணவர்களை வெளியேற்றினார்களாமே?

ஆமாம். 1942-இல் பசிபிக் கரையிலிருந்த ஜப்பானிய வம்சாவளிக் கனடியர்கள் அனைவரையும் அரசு உள்நாட்டுக்கு விரட்டியபோது, யு.பி.சி.யில் படித்த 76 மாணவர்களும் போக வேண்டியதாயிற்று. பெரும்பாலோர் கனடாவில் பிறந்தவர்கள். பல்கலைக்கழகம் எதிர்க்கவில்லை. 70 ஆண்டுகள் கழித்து, 2012-இல் சிறப்பு விழா வைத்துப் பட்டம் கொடுத்தார்கள். வாங்கிக்கொள்ள உயிரோடு இருந்தவர்கள் தொண்ணூறை ஒட்டிய வயதில் இருந்தார்கள்.

மாகாணம் முழுவதுக்கும் ஒரே பல்கலைக்கழகமாகவே இருந்ததா?

1963 வரை. அதற்கு முந்தைய ஆண்டு யு.பி.சி. தலைவராக வந்த ஜான் மெக்டொனால்டு, வந்த வேகத்தில் ஓர் அறிக்கை எழுதினார். ஒரே இடத்தில் எல்லோரையும் அடைக்க முடியாது, இன்னும் பல்கலைக்கழகங்கள் வேண்டும் என்றார். தன் நிறுவனத்துக்குப் போட்டி வேண்டும் என்று அதன் தலைவரே கேட்பது அடிக்கடி நடப்பதில்லை. விக்டோரியா கல்லூரி 1963-இல் பல்கலைக்கழகமானது. பர்னபி மலையுச்சியில் சைமன் ஃபிரேசர் பல்கலைக்கழகம் 1965-இல் திறந்தது. அதன் முதல் வேந்தர் யார் தெரியுமா? ஓய்வுபெற்ற கார்டன் ஷ்ரம்.

2005-இல் யு.பி.சி. தன் இரண்டாவது வளாகத்தைக் கெலோனா நகரில், ஒகனாகன் பள்ளத்தாக்கில் தொடங்கியது. அங்கிருந்த கல்லூரியை எடுத்துக்கொண்டு ஆரம்பித்தது அது. விண்ணப்பிக்கும்போது எந்த வளாகம் என்று கவனித்துப் போடுங்கள். இரண்டுக்கும் நடுவே ஏறக்குறைய 400 கிலோமீட்டர், மலைப்பாதை.

வளாகத்துக்குள் அடுக்குமாடி வீடுகள் விற்கிறார்களே, பல்கலைக்கழகம் ரியல் எஸ்டேட் செய்கிறதா?

செய்கிறது, வெளிப்படையாகவே.

1920-களில் தோற்ற யோசனை 1980-களின் கடைசியில் வேறு வடிவத்தில் திரும்ப வந்தது. தலைவர் டேவிட் ஸ்ட்ராங்வே காலத்தில் இதற்கென 1988-இல் ஒரு நிறுவனம் அமைத்தார்கள். முதலில் ஹாம்ப்டன் பிளேஸ் என்ற குடியிருப்பு. இந்தத் தடவை நிலத்தை விற்கவில்லை. 99 ஆண்டுக் குத்தகைக்கு விட்டார்கள். வீடு வாங்குபவர் முழுத் தொகையையும் முன்பே கட்டிவிடுவார். காலம் முடிந்ததும் நிலம் பல்கலைக்கழகத்துக்கே திரும்பும். வந்த பணம் நிரந்தர நிதியில் சேரும். மாணவர் விடுதிகள் கட்டவும் அதிலிருந்து கடன் எடுக்கிறார்கள். பிறகு வெஸ்புரூக் வில்லேஜ் போன்ற பெரிய குடியிருப்புகள் வந்தன. பள்ளிக்கூடம், மளிகைக் கடை, பூங்கா எல்லாம் உண்டு.

இதை ஆதரிப்பவர்கள் சொல்வது: அரசு மானியம் எப்போது குறையும் என்று தெரியாது, 1932-ஐ யாரும் மறக்கவில்லை, சொந்த வருமானம் வேண்டும். எதிர்ப்பவர்கள் சொல்வது: கடலைப் பார்த்த வீடுகளை வசதியுள்ளவர்கள் வாங்குகிறார்கள், வகுப்புக்கு வரும் மாணவரோ ஒன்றரை மணி நேரம் பேருந்தில் வருகிறார். இரண்டிலும் உண்மை இருக்கிறது. ஊழியர்களுக்குச் சந்தை விலைக்குக் குறைந்த வாடகையில் ஒரு பங்கு வீடுகள் உண்டு என்பதையும் சொல்ல வேண்டும். ஆனாலும் ஒரு பல்கலைக்கழகம் வீட்டு விலை ஏறுவதால் லாபம் அடைவதும், வீட்டு விலை ஏறுவதால் அதன் மாணவர்களே தவிப்பதும் ஒரே சமயத்தில் நடக்கும்போது, நிதி அறிக்கையை மட்டும் பார்த்துத் திருப்திப்பட முடியவில்லை.

2023 டிசம்பரில் பல்கலைக்கழகத்தை நிர்வகிக்கும் ஆளுநர் குழு 2050 வரைக்குமான வளாகத் திட்டத்தை ஏற்றுக்கொண்டது. அதன்படி இன்னும் உயரமான கட்டடங்கள் வரும்.

அங்கே குடியிருப்பவர்களுக்கு மேயர் யார்?

யாரும் இல்லை. யு.பி.சி. வான்கூவர் நகராட்சிக்குள் வராது. குடியிருப்பாளர்களுக்கென ஒரு சங்கம் இருக்கிறது, அதற்குத் தேர்தல் நடக்கும். ஆனால் எங்கே எத்தனை மாடி கட்டலாம் என்று தீர்மானிப்பது பல்கலைக்கழக ஆளுநர் குழுதான். அந்தக் குழுவில் பெரும்பாலோர் மாகாண அரசு நியமித்தவர்கள். பல்லாயிரம் பேர் வசிக்கும் ஊருக்கு இது விநோதமான ஏற்பாடு.

இப்போது எத்தனை பேர் படிக்கிறார்கள்? கட்டணம்?

இரண்டு வளாகங்களும் சேர்த்து 70,000-க்கு மேல். பெரும்பங்கு வான்கூவரில்.

கட்டணத்தில் ஒன்றைப் புரிந்துகொள்ள வேண்டும். கனடிய மாணவர்களுக்கான கட்டணத்தை ஆண்டுக்கு 2 சதவீதத்துக்கு மேல் ஏற்றக் கூடாது என்று மாகாண அரசு 2005-இலிருந்து கட்டுப்படுத்தி வைத்திருக்கிறது. வெளிநாட்டு மாணவர்களுக்கு அந்தக் கட்டுப்பாடு இல்லை. ஆகவே வருமானம் தேவைப்பட்டபோதெல்லாம் அந்தப் பக்கம் திரும்பினார்கள். இளங்கலைக்கு வெளிநாட்டு மாணவர் கட்டுவது கனடியர் கட்டுவதைப்போலப் பல மடங்கு. 2024 ஜனவரியில் மத்திய அரசு படிப்பு விசாக்களுக்கு உச்சவரம்பு வைத்தபோது கனடாவின் கல்லூரிகள் பலவும் ஆட்டம் கண்டதற்கு இந்தச் சார்புதான் காரணம். இளங்கலைக்குச் சொந்தச் செலவில் பிள்ளையை அனுப்புபவர்கள் நாலு வருடக் கணக்கையும் வாடகையையும் சேர்த்தே போட்டுப் பாருங்கள். ஆராய்ச்சிப் படிப்புக்கு உதவித்தொகை, உதவியாளர் வேலை எல்லாம் உண்டு, அது வேறு கணக்கு.

விடுதியில் இடம் கிடைக்குமா?

பள்ளி முடித்து நேராக முதலாம் ஆண்டுக்கு வருபவர்களுக்குப் பெரும்பாலும் கிடைக்கும். அதன் பிறகு காத்திருப்போர் பட்டியல்தான். வான்கூவர் வளாகத்தில் சுமார் 14,000 படுக்கைகள் இருக்கின்றன, அது கனடாவிலேயே அதிகமான எண்ணிக்கைகளில் ஒன்று. அப்படியும் போதவில்லை. 2017-இல் திறந்த டால்வுட் ஹவுஸ் என்ற 18 மாடி விடுதியைப் பார்த்துவிட்டு வாருங்கள். பெரும்பகுதி மரத்தால் கட்டியது, அன்றைக்கு உலகத்திலேயே உயரமான மரக் கட்டடங்களில் முதன்மையானது. பகுதிகளைத் தொழிற்சாலையில் தயாரித்துக் கொண்டுவந்ததால் மரவேலை 70 நாளுக்குள் முடிந்தது. சுமார் 400 பேர் தங்குகிறார்கள்.

தமிழர்களுக்கு ஏதாவது தொடர்பு?

படிக்கிறவர்களும் பாடம் நடத்துகிறவர்களும் நிறையப் பேர் இருக்கிறார்கள். வளாக நிர்வாகத்தில் உயர்ந்தவர்களில் கொழும்பில் பிறந்த இந்திரா சமரசேகரவைச் சொல்லலாம். இலங்கையில் பொறியியல் படித்து, யு.பி.சி.யில் 1980-இல் உலோகப் பொறியியலில் முனைவர் பட்டம் வாங்கி, அங்கேயே பேராசிரியரானார். 2000-இலிருந்து ஆராய்ச்சிக்கான துணைத் தலைவர். 2005-இல் அல்பெர்ட்டா பல்கலைக்கழகத்தின் தலைவராகி, பத்து ஆண்டுகள் அதை நடத்தினார். அல்பெர்ட்டாவில் அந்தப் பதவிக்கு வந்த முதல் பெண் அவர்.

மெட்ரோ ரயில் போகுமா?

இன்னும் இல்லை. பிராட்வே சாலைக்கு அடியில் கட்டும் ஸ்கைடிரெயின் நீட்டிப்பு ஆர்பியூட்டஸ் தெரு வரைக்கும்தான். அதைத் திறப்பது 2027 என்று தள்ளிப்போயிருக்கிறது. அங்கிருந்து வளாகத்துக்கு இன்னும் ஏழு கிலோமீட்டர் இருக்கிறது. ஆகவே 99 எண் பேருந்துதான். மாணவர்களுக்கு மலிவான பயண அட்டை உண்டு. 2003-இல் அது வந்ததும் பேருந்துக் கூட்டம் எகிறியது. காலை எட்டு மணிக்கு அதில் ஏறுவது சென்னையில் வளர்ந்தவர்களுக்குப் பழக்கமான அனுபவமாகவே இருக்கும்.

ஒரு நாள்தான் இருக்கிறது. எதைப் பார்ப்பது?

மானிடவியல் அருங்காட்சியகம். ஆர்தர் எரிக்சன் வடிவமைத்தது, 1976-இல் இந்தக் கட்டடத்துக்கு வந்தது. இரண்டாம் உலகப் போரில் ஜப்பானியக் கப்பல்களை எதிர்பார்த்துப் பாறை விளிம்பில் பீரங்கி மேடைகள் அமைத்திருந்தார்கள். அந்த மேடைகளை இடிக்காமல் அவற்றைச் சுற்றியே கட்டியிருக்கிறார். உயரமான கண்ணாடிக் கூடத்தில் வடமேற்குக் கரையோர மக்களின் செதுக்கிய கம்பங்கள் நிற்கின்றன. நிலநடுக்கத்தைத் தாங்கும்படி அந்தக் கூடத்தை முழுக்கப் பெயர்த்துக் கட்டி, 2024 ஜூனில் மறுபடி திறந்தார்கள்.

நேரம் மிச்சமிருந்தால் பக்கத்திலேயே நிட்டோபே ஜப்பானியத் தோட்டம். மெயின் மால் சாலையில் 1922 மாணவர்கள் எழுப்பிய கற்குவியலும் இருக்கிறது. கீழே உள்ள ரெக் கடற்கரைக்குக் குடும்பத்தோடு இறங்குவதாக இருந்தால் ஒரு எச்சரிக்கை: அங்கே ஆடை கட்டாயமில்லை. ஏறி வர நானூறுக்கும் மேற்பட்ட படிகள் உண்டு, வயதானவர்களுக்கு வேண்டாம்.